லாகூர் போகாத உரை

லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்றொரு சங்கம் இருந்தது. சாதியை உடைப்போர் கழகம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1922இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். சமபந்தி, கலப்புமணம் என்று அந்தக் காலத்துக்குத் துணிச்சலான காரியங்களைப் பேசியவர்கள். 1935 டிசம்பர் 12ஆம் தேதி அதன் சார்பில் சந்த் ராம் பம்பாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். மண்டலின் ஆண்டு மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கர் தலைமை தாங்க வேண்டும் என்பது அழைப்பு.

அழைத்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 13 அன்று, யேவலாவில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்திருந்தார். நாடு முழுவதும் அதே பேச்சு. அப்படியிருந்தும் அழைத்தார்கள். அம்பேத்கர் முதலில் தயங்கினார். சாதி இந்துக்கள் நடத்தும் இயக்கங்களில் கலந்துகொள்வதைத் தவிர்த்து வந்தவர் அவர். மண்டல் விடவில்லை. கடைசியில் இசைந்து, ஆங்கிலத்தில் ஒரு தலைமையுரையை எழுதத் தொடங்கினார்.

அந்த உரை சித்தாந்தத்தோடு தொடங்கவில்லை, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பட்ட அடிகளிலிருந்து தொடங்குகிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊர். தீண்டப்படாதவர் ஒருவர் தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய மகிழ்ச்சியில் தம் மக்களுக்கு விருந்து வைக்கிறார். நெய் ஊற்றிச் சமைத்திருக்கிறார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது நூற்றுக்கணக்கானவர்கள் தடிகளோடு வந்து சோற்றைப் பாழாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து விரட்டுகிறார்கள். நெய் தங்கள் அந்தஸ்துக்குரியது, அதை இவர்கள் எப்படித் தின்னலாம் என்பதுதான் கோபம். விருந்து கொடுத்தவர் சொந்தக் காசில் வாங்கிய நெய். குஜராத்தின் கவிதா என்ற ஊரில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்ற மிரட்டல்; இன்னோர் ஊரில் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்குத் தாக்குதல். ஊரையும் நிகழ்ச்சியையும் பெயர் சொல்லி அடுக்கிவிட்டுத்தான் வாதத்துக்கு வருகிறார் அம்பேத்கர்.

வாதமும் அங்கேயிருந்துதான் ஏறுகிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்துப் பூட்டிவைக்கிறது. சேர்ந்து உண்பது போதாது, சாதி விட்டுச் சாதி மணம் நடந்தாக வேண்டும். ஆனால் மக்கள் ஏன் மறுக்கிறார்கள்? கெட்டவர்கள் என்பதாலா? இல்லை, சாஸ்திரம் புனிதமானது என்று நம்புவதால். எனவே கை வைக்க வேண்டிய இடம் அந்த நம்பிக்கை. அர்ச்சகத் தொழில் பிறப்பால் வருவதை ஒழிக்க வேண்டும். தேர்வு எழுதி, அரசிடம் சான்று பெற்றவரே பூசாரியாகலாம், மற்ற அரசு ஊழியர்களைப் போல அவரும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர் என்கிறார். 1936இல் இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1936 ஏப்ரல் 9 அன்று மண்டலைச் சேர்ந்த ஹர் பகவான் உரையைப் பெறுவதற்காகப் பம்பாய் வந்தார். மண்டலைச் சேர்ந்தவர்கள் உரையைப் படித்துப் பார்த்ததும் சிக்கல் முற்றியது. இந்து மகாசபையின் முன்னாள் தலைவர் பாய் பரமானந்த் போன்ற பெரிய மனிதர்கள் அம்பேத்கரை அழைத்ததற்காக ஏற்கெனவே விலகி நின்றிருந்தார்கள். ஏப்ரல் 22 தேதியிட்டு ஹர் பகவானிடமிருந்து மிகப் பணிவான ஒரு கடிதம் வந்தது. சாஸ்திரங்களின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்கும் பகுதியும், இந்து மதத்தைவிட்டுப் போகப்போவதைச் சொல்லும் பகுதியும் இந்த மாநாட்டுக்குப் பொருத்தமில்லை, அவற்றை விட்டுவிடலாமே என்ற வேண்டுகோள். ஏப்ரல் 27 அன்று அம்பேத்கர் பதில் எழுதினார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது, உரையைத் தணிக்கை செய்ய யாரையும் விடமாட்டேன் என்பதே பதிலின் சாரம். மாநாடு நடக்கவில்லை.

மண்டலைக் கெட்டவர்களின் கூட்டம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. சாதி வேண்டாம் என்று உண்மையாகவே நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் தங்கள் வட்டத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்காத அளவுக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எதிரியின் தடையைவிட நண்பனின் இந்த வேண்டுகோள்தான் எழுதுகிறவனை அதிகம் சோதிக்கிறது. இரண்டு பத்தியை எடுத்திருந்தால் மேடை கிடைத்திருக்கும், மாலை கிடைத்திருக்கும். எடுத்திருந்தால் அந்த உரையை இன்று யார் தேடப்போகிறார்கள்?

அம்பேத்கர் சொந்தச் செலவில் அதை நூலாக்கி 1936 மே மாதம் வெளியிட்டார். 1,500 பிரதி, விலை எட்டணா. உரையை மட்டும் அச்சிட்டு விட்டுவிடவில்லை. மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் முன்னால் சேர்த்தார். அவர்கள் எழுதியதும் இவர் எழுதியதும் தேதியோடு இருக்கின்றன, தீர்ப்பு வாசகருடையது. இரண்டே மாதத்தில் எல்லாப் பிரதியும் விற்றுத் தீர்ந்தது.

ஜூலையில் காந்தி 'ஹரிஜன்' இதழில் இரண்டு கட்டுரை எழுதினார். உரையைக் கேட்கும் வாய்ப்பை மக்களிடமிருந்து பறித்துவிட்டதாக மண்டலைக் கண்டித்தார். எட்டணா அதிகம், இரண்டணா அல்லது நாலணாவுக்குக் கொடுக்கலாம் என்றும் யோசனை சொன்னார். ஆனால் சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, வருணம் வேறு சாதி வேறு, ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளை வைத்து எடைபோடக்கூடாது என்பது அவர் நிலை. சந்த் ராம் காந்திக்கு மறுப்பு எழுதினார். அதையும் காந்தி ஆகஸ்டில் வெளியிட்டார்.

1937இல் வந்த இரண்டாம் பதிப்புதான் என்னைப் பொறுத்தவரை இந்த நூலின் உச்சம். காந்தியின் கட்டுரைகளை அம்பேத்கர் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அதன் பிறகே தம் பதிலை வைத்தார். பதில் கூர்மையானது. குலத்தொழிலைப் போற்றுகிற மகாத்மா பனியா குலத்தில் பிறந்து வழக்கறிஞரானார். அவருடைய கடைசி மகனோ பிராமணப் பெண்ணை மணந்து பத்திரிகை முதலாளியிடம் வேலை பார்க்கிறார், பிறகு அந்தக் கொள்கை யாருக்கு என்று கேட்கிறார். அந்தக் கடைசி மகன் தேவதாஸ். மணப்பெண் ராஜாஜியின் மகள் லட்சுமி. கேலி செய்ய அந்தத் திருமணத்தை அவர் இழுக்கவில்லை. மகாத்மாவின் வீடே மகாத்மாவின் வாதத்தைவிட முன்னே போய்விட்டது என்று காட்டுகிறார்.

அதே பதிப்பின் முன்னுரையில், நூல் ஏற்கெனவே குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டதாக அம்பேத்கர் குறிப்பிடுகிறார். மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் எல்லாம் அப்போதுதான் மொழிபெயர்ப்பில் இருந்தன. அவருடைய தாய்மொழிக்கும், உரையாற்ற அழைத்த மண்ணின் மொழிக்கும் முன்பே அது தமிழுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பெரியார். ஈரோட்டுக் 'குடிஅரசு' வழியாக 'ஜாதியை ஒழிக்க வழி' என்ற பெயரில் அது தமிழ் வாசகர் கைக்குப் போனது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே தொடங்கியிருந்தது. சாஸ்திரத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பேச்சு அந்த வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. லாகூரை அச்சுறுத்திய பக்கங்கள் ஈரோட்டை அச்சுறுத்தவில்லை. பிறப்பால் வரும் அர்ச்சகர் உரிமையை நீக்கித் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது 1970இல். பயிற்சி முடித்த பல சாதியினர் கோயில்களில் அர்ச்சகராக நியமன ஆணை பெற்றது 2021 ஆகஸ்டில். நூல் கேட்டதில் ஒரு துண்டு கிடைக்க 85 ஆண்டு ஆகியிருக்கிறது. சாதி விட்டு மணந்த பிள்ளைகளைப் பெற்றவர்களே வெட்டிக்கொல்லும் செய்தி இங்கே இன்னும் நிற்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் பதிப்பு 1944இல் வந்தது. 1979இல் மகாராஷ்டிர அரசு வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட அம்பேத்கர் எழுத்துகளின் தொகுப்பில், முதல் தொகுதியில் நூல் இடம்பெற்றது. 2014இல் நவயானா பதிப்பகம் விரிவான குறிப்புகளோடும் அருந்ததி ராயின் நீண்ட முன்னுரையோடும் கொண்டுவந்தபோது மறுபடியும் சண்டை. அம்பேத்கரை அறிமுகப்படுத்த இவர் யார், நூலைவிட முன்னுரை பெரிதாகப் பேசப்படுகிறதே என்று தலித் எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மறுத்தவர்களின் கடிதத்தையும் மறுப்புக் கட்டுரையையும் தன்னோடு கட்டிக்கொண்டு புறப்பட்ட நூல், இந்தக் கேள்வியையும் தாங்கும்.

இந்த நூலை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த மொழியில் வாங்கினாலும், மண்டலின் கடிதங்களும் காந்தியின் கட்டுரைகளும் அம்பேத்கரின் பதிலும் அதில் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பை வைத்துவிட்டு, அவை உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.