கோல்கொண்டா வெந்நீரும் அம்மாவின் முழங்காலும்

ஹைதராபாத் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வெயில், பிரியாணி, டிராபிக் எல்லாம் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகாதது இந்த ஊர்க் குளியல் மட்டும்தான். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணியில் முங்கிக் குளித்தவர்கள். இங்கே கீசர் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றும்போதெல்லாம் "இதெல்லாம் ஒரு குளியலாய்யா" என்பார்கள். ரெண்டு வருஷமாக முழங்கால் வலி வேறு. காலையில் எழுந்து நாலு அடி வைப்பதற்குள் நாலு தடவை "முருகா".

போன டிசம்பரில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் வில்லாவின் தோட்டத்தில் ஹாட் டப் போட்டார். டப் காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் கிரேனில் இறங்குவதைத் தெருவே நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். உடனே எனக்குள் ஒரு கணக்கு. எங்கள் வீட்டுப் பின்புறமும் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு வாழையும் ரெண்டு செம்பருத்தியும் நிற்கிற இடம். டாக்டரும் வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்காக ஒன்று போட்டால் என்ன?

எதை வாங்குவதற்கு முன்னாலும் அதன் பூர்வீகத்தைக் குடைகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்தத் தடவை அது உருப்படியாக உதவியது. அந்தக் கதைதான் இது.

தோட்டத்தில் வெந்நீர்க் குளியல் என்பது ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். இந்தியாவில் அதற்கு ஐந்நூறு வருஷக் கதை இருக்கிறது. 1526ல் பானிபட்டில் ஜெயித்து ஆக்ரா வந்த பாபருக்கு இந்த நாடு துளியும் பிடிக்கவில்லை. தன் நினைவுக் குறிப்புகளில் இங்கே இல்லாதவற்றுக்கு ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். அதில் ஹம்மாமும் ஒன்று. வெயில், காற்று, தூசி மூன்றும் தன்னைப் படுத்துகின்றன என்றும், மூன்றுக்கும் ஹம்மாம்தான் மருந்து என்றும் எழுதுகிறார். யமுனைக் கரையில் தோட்டம் போட ஆரம்பித்தபோது முதலில் தோண்டியது ஹம்மாமுக்குத் தண்ணீர் தரும் பெரிய கிணறு. பிறகுதான் புளியமரங்கள் நிற்கிற இடம், எண்கோணக் குளம், மற்றதெல்லாம். ஆக, தோட்டத்துக்கு முன்னால் குளியல்!

தக்காணத்துக்கு இது பாபர் கொண்டுவந்து கொடுத்தது இல்லை. பாரசீகத்தோடு பாமினி சுல்தான்களுக்கு நேரடித் தொடர்பு இருந்தது. பீதர் கோட்டைக்குப் போனால் அரச ஹம்மாம் பார்க்கலாம். அந்தப் பாமினி அரசில் தெலங்கானாவுக்கு ஆளுநராக இருந்து, 1518ல் கோல்கொண்டாவில் தனி அரசு கண்டவர் சுல்தான் குலி குதுப் ஷா. அவர் காலத்து ஹம்மாம் ஒன்று குதுப் ஷாஹி கல்லறை வளாகத்தில் இன்றைக்கும் நிற்கிறது. ஹைடெக் சிட்டியிலிருந்து அரை மணி நேரம், டிராபிக் இல்லாவிட்டால்.

இந்த அரசு நமக்கு அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 1640களின் நடுவிலிருந்து 1687 வரை சென்னைப் பட்டினத்தைச் சுற்றியிருந்த நாடு கோல்கொண்டாவின் கையில்தான் இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பெனிக்காரர்கள் குத்தகைப் பணம் கட்டியதும் அதற்குத்தான். நம் பூந்தமல்லி கவர்னர் கோல்கொண்டா ஆள்!

சரி, ஹம்மாம் எப்படி வேலை செய்யும்? பக்கத்தில் அல்லது அடியில் ஓர் அடுப்பு. விறகு எரியும் சூட்டில் பெரிய பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கும். மிச்சச் சூடும் புகையும் தரைக்கு அடியில் விட்டிருக்கும் பாதைகளில் ஓடி, சுவருக்குள் இருக்கும் குழாய்கள் வழியாக வெளியேறும். தரையே சுடும். முதலில் குளிர்ந்த அறை, அடுத்து வெதுவெதுப்பான அறை, கடைசியில் சூடான அறை. உடம்பு படிப்படியாகப் பழகத்தான் இந்த ஏற்பாடு. கூரைக் குவிமாடத்தில் சின்னச் சின்னத் துளைகள், வெளிச்சம் வரும், சூடு போகாது. ரோமர்கள் கண்டுபிடித்ததை அரபிகளும் பாரசீகர்களும் துருக்கியர்களும் தங்கள் பங்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. ரோமர்கள் தொட்டிக்குள் இறங்கிக் கூட்டமாக ஊறினார்கள். இஸ்லாமிய ஹம்மாம் பெரும்பாலும் ஓடுகிற தண்ணீரைத்தான் விரும்பியது, நின்ற தண்ணீரை அல்ல. மேடையில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வது. அட, நம்ம ஊர்க் குளியல்தானே! பாரசீகத்தில் கழுத்தளவுத் தொட்டியில் இறங்கும் வழக்கம் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் ரேசா ஷா ஆட்சியில் நோய் பரவுகிறது என்று அதைத் தடுத்து ஷவர் வைக்கச் சொன்னார்கள்.

கோல்கொண்டாவுக்குத் தண்ணீர் வந்த வழி இன்னும் சுவாரசியம். கோட்டைக்குக் குடிநீர் தந்த ஏரிகளில் ஒன்று துர்கம் செருவு. ஆமாம், 2020ல் கேபிள் பாலம் திறந்தார்களே, அதே ஏரிதான். பாரசீகச் சக்கரங்கள் வைத்துத் தண்ணீரைப் படிப்படியாக மேலே ஏற்றி, சுடுமண் குழாய்களில் அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் விட்டார்கள். உடைந்த குழாய்களைக் கோட்டைச் சுவர்களில் இப்போதும் பார்க்கலாம். கல்லறை வளாகத்துக்குப் படிக்கிணறுகள். அவற்றில் பெரிதான படீ பாவ்லியின் சுவர் 2013 மழையில் இடிந்தது. ஆகா கான் அறக்கட்டளையும் மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்து அதை மீட்டுக் கட்டின. 2022ல் கோல்கொண்டா படிக்கிணறுகளுக்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இப்போது ஹாட் டப் பக்கம் வருவோம். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஏழு அண்ணன் தம்பிகள், ஜக்கூஸி குடும்பம். விமானத்துக்கு விசிறி செய்தார்கள், விமானமே செய்தார்கள். 1921ல் ஒரு விபத்தில் சகோதரர் ஒருவர் இறந்துபோனார். அதோடு விமானத்தை விட்டுவிட்டு விவசாயக் கிணறுகளுக்கு பம்ப் செய்ய வந்துவிட்டார்கள். தம்பிகளில் ஒருவரான கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் சுழலும் வெந்நீரில் உட்காரவைத்தால் வலி குறைந்தது. ஆனால் தினமும் போக முடியாதே. அப்பா, 1940களின் இறுதியில், வீட்டுக் குளியல் தொட்டிக்குள்ளேயே வைக்கிற மாதிரி ஒரு சின்ன பம்ப் செய்தார். 1956ல் அதுவே ஜே-300 என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1968ல் ராய் ஜக்கூஸி பம்பைத் தொட்டியோடு சேர்த்தே செய்தார். இன்னொரு பக்கம் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஒயின் பீப்பாய்களைத் தோட்டத்தில் வைத்து வெந்நீர் நிரப்பி ஊறினார்கள். ரெண்டும் சேர்ந்ததுதான் இன்றைய ஹாட் டப்.

கென்னத் கதையைப் படித்த அன்று ராத்திரி நான் கிட்டத்தட்ட ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரு அப்பன் பிள்ளைக்குச் செய்ததை நான் அம்மாவுக்குச் செய்யக் கூடாதா என்ன!

காலையில் வீட்டுக்காரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். 1200 லிட்டர் தண்ணீர் என்றால் 1200 கிலோ. டப், ஆட்கள் எல்லாம் சேர்த்தால் ரெண்டு டன் பக்கம், அடியில் கான்கிரீட் தளம் போட வேண்டும். வாழை போகும். 25 டிகிரித் தண்ணீரை 39 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 யூனிட் கரண்ட். எங்கள் போர்வெல் உப்புக்கு ஹீட்டர் எத்தனை நாள் தாங்குமோ. தண்ணீர்ச் செலவுதான் பயந்த அளவு இல்லை. மூன்று நாலு மாசத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், நாம் தினம் ரெண்டு வாளி ஊற்றிக்கொள்வதைவிடக் குறைவு. அதைப் பார்த்ததும் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசியில் அம்மாவையே நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். டப்பின் சுவர் மூன்றடி உயரம். பக்கத்தில் ரெண்டு படி வைத்திருந்தார்கள். அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "மூட்டு வலிக்காரி இதுல எப்படிய்யா ஏறி இறங்குறது?"

இவ்வளவு வரலாறு படித்த மண்டைக்கு இது மட்டும் தோணவில்லை பாருங்கள்.

திரும்பும் வழியில் கல்லறை வளாகம். அம்மா மெதுவாக நடந்தே வந்தார்கள். ஹம்மாமின் நடுவில் பன்னிரண்டு பக்கம் உள்ள மேடை. ஷியா மரபின் பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கிறது என்பார்கள். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டிகள். அரச குடும்பத்தில் யாராவது இறந்தால் அடக்கத்துக்கு முன் உடலை இங்கே வைத்துக் கழுவினார்கள் என்று சொல்லப்படுகிறது. கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 1687ல் ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்து அவரை தௌலதாபாத்தில் சிறைவைத்தார். அங்கேயே இறந்து குல்தாபாதில் அடக்கமானார். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் அந்த மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செத்த பெறவு எத்தனை குடம் ஊத்துனா என்னய்யா? இருக்கும்போது ரெண்டு வாளி சூடா ஊத்துனா போதும்" என்றார்கள்.

அடுத்த மாசம் ஊரிலிருந்து பழைய செப்புத் தவலை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பின்புறம் வாழைக்குப் பக்கத்தில் மூன்று பக்கம் தடுப்பு, விறகடுப்பு, உட்கார அரைச்சுவர் உயரத்துக்குக் கடப்பைக்கல் திண்ணை, பிடித்துக்கொள்ள ஒரு எவர்சில்வர் கம்பி. ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது. சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்து, நானே மொண்டு ஊற்றுகிறேன்.

வலி போய்விட்டதா? இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் "முருகா" சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது.