குரு வைத்ததே சட்டம்

1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அங்கே அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறை கடுமையானது. பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். பயிற்சி எப்போது முடியும் என்பது குருவின் விருப்பம். பலர் நுழைவார்கள், உச்சிக்கு ஒருவரே போவார். இப்படி இருந்தால் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்?

அந்தக் குரு ஹால்ஸ்டெட்டோ முதலில் கோகெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமை!

ஆனாலும் அவருடைய பயிற்சிப் பாணி அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், நீண்ட பணிநேரத்தில் உழன்ற பயிற்சி மருத்துவர்களின் பொறுப்பில் இருந்தபோது இறந்தார். அவருடைய தந்தை, பத்திரிகையாளர் சிட்னி சயன், விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நாடு முழுவதற்கும் அது வர 2003 ஆனது.