கரையும் நார்ச்சத்தின் கலோரிக் கணக்கு

உணவில் சேரும் நார்ச்சத்துக்கு ஒரு கிராமுக்கு 2 கிலோகலோரி என்பது இன்று பல நாடுகள் ஏற்றுள்ள கணக்கு. இந்த எண் நிலைபெறுவதற்குள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அதுவரை ஒரே நாருக்கு ஒரு நாட்டில் 4 கலோரியும் வேறொரு நாட்டில் சுழியும் கணக்கில் ஏறின.

கலோரிக் கணக்குக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர். 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில், மனிதர் தங்கக்கூடிய கலோரிமானி அறையை அமைத்து அவர் ஆய்வு நடத்தினார். கிராமுக்குப் புரதம் 4, கொழுப்பு 9, கார்போஹைட்ரேட் 4 கிலோகலோரி என்ற மதிப்புகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் கார்போஹைட்ரேட் நேரடியாக அளக்கப்படவில்லை. உணவின் எடையிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சியதையெல்லாம் கார்போஹைட்ரேட் என்று கொண்டார்கள். நாரும் அந்த மிச்சத்தில் அடங்கியதால் அதற்கும் 4 கலோரி சேர்ந்தது.

நீரிழிவு நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு உதவவில்லை. இரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வது எவ்வளவு என்பதே அவர்களுக்குத் தேவைப்பட்டது. லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் மெக்கான்ஸும் ராபின் லாரன்ஸும் 1929இல் கார்போஹைட்ரேட்டை உடலுக்குக் கிடைப்பது, கிடைக்காதது என இரண்டாகப் பிரித்தனர். லாரன்ஸே நீரிழிவு நோயாளி. பின்வந்த பிரிட்டிஷ் உணவு அட்டவணைகள் கிடைக்காத பகுதிக்கு ஆற்றல் மதிப்பே தரவில்லை.

உண்மை இரண்டுக்கும் இடையில் இருந்தது. சிறுகுடலில் செரிக்காத நார் பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகியவற்றை உடல் உறிஞ்சி ஆற்றலாக்கிக்கொள்கிறது. மீதி ஆற்றல் பாக்டீரியாக்களின் வளர்ச்சிக்கும் வாயுவாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. முழுதும் நொதிக்கும் நாரிலிருந்துகூட உடலுக்குச் சேர்வது கிராமுக்கு 11 கிலோஜூல்தான். வழக்கமான உணவிலுள்ள நாரில் சுமார் 70 விழுக்காடு நொதிக்கிறது என்று கொண்டால் 8 கிலோஜூல், அதாவது 2 கிலோகலோரி கிடைக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை இந்த மதிப்பையே பரிந்துரைத்தது.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாற்றாகக் கரையும் நார்களைத் தொழிற்சாலைகள் சேர்க்கத் தொடங்கியபின் இந்த எண்ணுக்கு வணிக மதிப்பும் கூடியது. ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய பாலிடெக்ஸ்ட்ரோஸுக்கு 1981இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதற்குக் கிராமுக்கு 1 கிலோகலோரி எனக் கணக்கிடப்பட்டது. பிற கரையும் நார்கள் அங்கு நெடுங்காலம் 4 கலோரியிலேயே இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் எல்லா நாருக்கும் 2 கலோரி என்று விதித்தது. அமெரிக்கா 2016இல் கரையும் நாருக்கு மட்டும் அதே மதிப்பை ஏற்றது.

ஜப்பான் ஒரே எண்ணோடு நிற்கவில்லை. நொதிக்கும் அளவு 25 விழுக்காட்டுக்குக் குறைந்தால் 0, 75 வரை 1, அதற்கு மேல் 2 என்று நார்களை அது வகைப்படுத்துகிறது. பெக்டின் போல எளிதில் நொதிப்பதையும் இசப்கோல் போல அரிதாக நொதிப்பதையும் ஒரே தட்டில் வைக்காத இம்முறையே குடலில் நடப்பதற்கு மிக நெருங்கிய கணக்கு.