லினக்ஸில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஓப்பன் ஆகலையா? 'ஃபார்மேட்' கொடுக்கும் முன் இதைப் படிங்க!

கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, காலேஜ் ப்ராஜெக்ட்... எல்லாவற்றையும் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். வேறு காப்பி எங்கேயும் இருக்காது. ஒருநாள் அதை எடுத்து லேப்டாப்பில் சொருகினால், 'மவுன்ட் செய்ய முடியவில்லை' என்று ஒரு மெசேஜ் வந்து நிற்கும். அந்த நிமிடம் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய லேப்டாப்களில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களை முதலில் மிரட்டும் பிரச்னைகளில் இதுவும் ஒன்று.

ஒரு நல்ல செய்தி: டிஸ்க் ஓப்பன் ஆகவில்லை என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. பல நேரங்களில் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அவசரத்தில் நாம் செய்யும் காரியம்தான் அவற்றை அழிக்கும். என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? வரிசையாகப் பார்ப்போம்.

'மவுன்ட்' என்றால் என்ன?

விண்டோஸில் டிஸ்க்கைச் சொருகினால் டி, இ, எஃப் என்று ஒரு எழுத்தோடு தனி டிரைவ் வரும். லினக்ஸில் அந்த எழுத்துகள் கிடையாது. டிஸ்க்கில் உள்ள பகுதியை ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபோல்டரோடு இணைத்துவிடும். அப்படி இணைப்பதுதான் மவுன்ட்.

ஆக, இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டம், டிஸ்க் வந்திருப்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது. இரண்டாவது கட்டம், அதைத் திறந்து ஃபோல்டரோடு இணைப்பது. உங்கள் டிஸ்க் எந்தக் கட்டத்தில் சிக்கி நிற்கிறது என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் சத்தத்தைக் கேளுங்க!

டிஸ்க்கைச் சொருகியதும் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மெல்லிய சுழலும் சத்தம் வந்தால் அது இயல்பு. 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே தகட்டின்மேல் நகரும் ஹெட் பழுதாகியிருக்கலாம். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்த்தால் தகட்டில் கீறல் விழும். அதன் பிறகு நிபுணர்களாலும் மீட்க முடியாமல் போகலாம்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே ஈரம் படிந்து நிலைமை இன்னும் மோசமாகும். வீட்டிலேயே ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்ப்பதும் கூடாது. சின்ன தூசு போதும், தகட்டைக் கெடுக்க. இந்த நிலையில் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொண்டுபோவது மட்டும்தான் ஒரே வழி.

கேபிள், பவர் சரியா?

சத்தம் இயல்பாக இருந்தால் அடுத்து கேபிள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வரும் அகலமான யுஎஸ்பி கேபிளின் முனை நாளாக நாளாக லூஸ் ஆகிவிடும். வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள்.

கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குகள் யுஎஸ்பி வழியாகவே கரன்ட் எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3.0 தருவது 900 மில்லி ஆம்பியர். ஒரே ஹப்பில் மவுஸ், கீபோர்ட், டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் கரன்ட் பற்றாது. டிஸ்க் சுழல ஆரம்பித்து உடனே நின்றுவிடும். அதனால் ஹப்பைத் தவிர்த்து லேப்டாப்பிலேயே நேரடியாகச் சொருகுங்கள். பெரிய 3.5 இன்ச் டிஸ்க் என்றால் அதற்கான தனி அடாப்டர் கட்டாயம் வேண்டும்.

கம்ப்யூட்டர் கண்ணில் படுகிறதா?

உபுண்டு, மின்ட் இரண்டிலும் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு ஆப் உண்டு. மெனுவில் தேடித் திறந்தால் இடது பக்கம் எல்லா டிஸ்க்குகளின் பட்டியலும் வரும். உங்கள் டிஸ்க் அதில் இருக்கிறதா?

டெர்மினல் பழகியவர்கள் 'எல்எஸ்பிஎல்கே' என்ற ஐந்து எழுத்து கமாண்டைச் சின்ன எழுத்தில் அடிக்கலாம். எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர்களும், பக்கத்தில் அளவும் வரும். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கம்பெனி 1000-ஆல் கணக்குப் போடுகிறது, இந்த கமாண்ட் 1024-ஆல் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான்!

பட்டியலிலேயே டிஸ்க் இல்லை என்றால் கோளாறு கேபிள், போர்ட், பவர், அல்லது டிஸ்க்கின் உள்ளே இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

காரணத்தை லினக்ஸே சொல்லும். 'சூடோ' என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு 'டிஎம்இஎஸ்ஜி' என்ற கமாண்டைக் கொடுங்கள். கெர்னல் எழுதிவைத்த குறிப்புகள் வரும். கடைசி சில வரிகளைப் பாருங்கள். 'ஐ/ஓ எரர்' என்று வரிசையாக வந்தால் டிஸ்க்கைப் படிக்கவே முடியவில்லை என்று பொருள். இது பெரும்பாலும் ஹார்டுவேர் பிரச்னை. மோசமான கேபிளாலும் வரும். 'வால்யூம் இஸ் டர்ட்டி' என்று வந்தால் பெருமூச்சு விடலாம். காரணம் அடுத்த பகுதியில்.

விண்டோஸ் பூட்டிவிட்டுப் போன டிஸ்க்

விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க் லினக்ஸில் திறக்காமல் போவதற்கு மிகப் பழக்கமான காரணம் இதுதான். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக அணையாது. சில தகவல்களைச் சேமித்துவைத்துவிட்டு, பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது இணைந்திருந்த டிஸ்க்கின் கணக்கும் முடிக்கப்படாமலே நிற்கலாம். 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் படக்கென்று பிடுங்கினாலும் இதே கதைதான்.

அந்த டிஸ்க்கில் 'டர்ட்டி' என்று ஓர் அடையாளம் விழும். அதைப் பார்த்ததும் லினக்ஸ், 'இதில் நான் கை வைத்தால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம்' என்று ஒதுங்கிக்கொள்கிறது. அதாவது, உங்கள் ஃபைலைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது.

தீர்வு எளிது. டிஸ்க்கை மறுபடியும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகி, 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து எடுங்கள். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால், டிஸ்க் நல்ல நிலையில் இருப்பது உறுதியானால் மட்டும், விண்டோஸிலேயே 'செக் டிஸ்க்' ஓட விடுங்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுவது நல்லது. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

விண்டோஸ் கைவசம் இல்லையா? 'டிஸ்க்ஸ்' ஆப்பில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர மெனுவில் 'ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்' கொடுக்கலாம். டெர்மினலில் இதற்கு 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்று பெயர். ஆனால் ஒன்று, இது சில அடிப்படைத் தவறுகளை மட்டுமே சரிசெய்யும். விண்டோஸின் செக் டிஸ்க்குக்கு முழு மாற்று கிடையாது.

ஃபைல் சிஸ்டம் எது?

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம். 'டிஸ்க்ஸ்' ஆப்பில் இதன் பெயரைப் பார்க்கலாம்.

என்டிஎஃப்எஸ்: விண்டோஸுடையது. லினக்ஸில் பல ஆண்டுகளாக 'என்டிஎஃப்எஸ்-3ஜி' மூலம் வேலை செய்கிறது. 2021-ல் வந்த கெர்னல் 5.15-ல் புதிய டிரைவரும் சேர்ந்தது.

எக்ஸ்ஃபேட்: கேமரா கார்டு, பென்டிரைவ்களில் அதிகம். இதன் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019-ல் வெளியிட்ட பிறகு கெர்னலிலேயே இடம்பிடித்தது. மிகப் பழைய லினக்ஸ் என்றால் 'எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ்' என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும்.

ஏபிஎஃப்எஸ்: மேக் கம்ப்யூட்டருடையது. சாதாரணமாக லினக்ஸில் திறக்காது. மேக்கில் திறந்து காப்பி எடுப்பதே நல்லது.

பிட்லாக்கர்: இது ஃபைல் சிஸ்டம் அல்ல, பூட்டு. ஆபீஸ் டிஸ்க்குகளில் இருக்கலாம். புதிய லினக்ஸ் பதிப்புகளில் 'டிஸ்க்ஸ்' ஆப்பில் பூட்டுப் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் திறக்கும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் திறக்க வழியில்லை.

முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்

டிஸ்க்கின் உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் ரிப்பேரில் இறங்காதீர்கள். ரிப்பேர் என்பதே டிஸ்க்கில் எழுதும் வேலைதான். முதலில் 'படிக்க மட்டும்' என்ற முறையில் மவுன்ட் செய்து முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள்.

இதற்கான கமாண்டை இந்த வரிசையில், இடையில் ஒவ்வோர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும்: சூடோ, மவுன்ட், ஹைஃபன் ஓ, ஆர்ஓ, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிபி1, ஸ்லாஷ் எம்என்டி. எஸ்டிபி1 என்பது ஓர் உதாரணம். உங்கள் டிஸ்க்கின் பெயரை அளவை வைத்துச் சரிபார்த்துப் போடுங்கள். ஒவ்வொரு முறை சொருகும்போதும் இந்தப் பெயர் மாறலாம். திறந்ததும் ஃபைல்கள் 'எம்என்டி' என்ற ஃபோல்டரில் தெரியும்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க 'டிஸ்க்ஸ்' ஆப்பின் மூன்று புள்ளி மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' இருக்கிறது. 'ரீஅலோகேட்டட் செக்டார்', 'பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் ஆயுள் முடியப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில யுஎஸ்பி டிஸ்க்குகளில் இந்த மெனு வேலை செய்யாது.

படிக்கும்போதே அடிக்கடி எரர் வந்தால் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் உதவும். நன்றாக இருக்கும் இடங்களை முதலில் காப்பி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியாக முயற்சி செய்யும். இதற்கு அதே அளவோ, அதைவிடப் பெரிதாகவோ இன்னொரு டிஸ்க் வேண்டும்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

* விண்டோஸில் சொருகியதும் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்டால் 'கேன்சல்' மட்டுமே கொடுங்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 டிஸ்க்கைப் புரியாமலும் விண்டோஸ் இப்படிக் கேட்கும். க்விக் ஃபார்மேட் என்றால் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. முழு ஃபார்மேட் என்றால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. பிறகு மீட்க ஒன்றுமே இருக்காது.

* மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் 'எஃப்எஸ்சிகே' ஓட்டக் கூடாது. நன்றாக இருந்த ஃபைல்களும் கெட்டுவிடும்.

* மீட்டெடுத்த ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும்.

* இன்டர்நெட்டில் கிடைக்கும் கமாண்டைப் புரியாமல் அடிக்காதீர்கள். குறிப்பாக 'எம்கேஎஃப்எஸ்' என்று தொடங்கினால் அது ஃபார்மேட் கமாண்ட். விரலை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பே ஆன் ஆகவில்லையா?

டிஸ்க் தானாக மவுன்ட் ஆக வேண்டும் என்று 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் எழுதிவைத்திருப்பீர்கள். பிறகு ஒருநாள் டிஸ்க்கைச் சொருகாமல் ஆன் செய்தால், லினக்ஸ் வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்'டில் போய் நின்றுவிடும். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. அந்த வரியின் ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் ஆன் ஆகும்.

அடுத்த முறை பதற்றம் வேண்டாமே...

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் இயந்திரம். என்றாவது ஒருநாள் நின்றே தீரும். அதனால் பேக்கப்பில் '3-2-1' என்ற விதியைச் சொல்வார்கள். மொத்தம் 3 காப்பி, 2 வகையான இடத்தில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. கல்யாண வீடியோ ஒன்று டிஸ்க்கில், ஒன்று லேப்டாப்பில், ஒன்று கிளவுடிலோ ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ இருந்தால் போதும்.

இன்றைக்கு உங்கள் டிஸ்க் நன்றாகத் திறக்கிறதா? அப்படியென்றால் இரண்டாவது காப்பி எடுக்க இதுதான் சரியான நாள். திறக்காமல் போன பிறகு எடுக்க முடியாது!