டிஸ்க்கில் போன சாட்சியம்: மீட்பின் வரலாறும் நமக்கான பாடமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எங்கள் அலுவலகத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. எட்டு ஆண்டுகளின் களப்பணி அதற்குள் இருந்தது. வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போய் எடுத்த புகைப்படங்கள், எரிக்கப்பட்ட வீடுகளின் காணொளிகள், பாதிக்கப்பட்டவர்களின் குரல் பதிவுகள், முதல் தகவல் அறிக்கைகளின் நகல்கள். அவற்றில் ஒன்று, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் பேச்சு. பதிவு செய்த மறு ஆண்டே அந்த அம்மா இறந்துவிட்டார். வேறு யாரிடம் போயும் அந்தப் பேச்சை மறுபடி வாங்க முடியாது. அதற்கு வேறு நகலும் கிடையாது.

பதற்றத்தில் நாங்கள் செய்தவை எல்லாம் தவறு. கழற்றிக் கழற்றி மாட்டினோம். வேறு வேறு கணினிகளில் செருகிப் பார்த்தோம். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று திரை கேட்டபோது ஒரு தோழர் 'ஆம்' என்று அழுத்தப் போனார்; கடைசி நொடியில் கையைப் பிடித்துத் தடுத்தோம். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்று இன்னொருவர் சொன்னார். இவையெல்லாம் ஏன் தவறு என்று பிறகு தேடிப் படித்தோம். அப்படிப் படித்த வரலாற்றை இளம் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

ஹார்ட் டிஸ்க் பிறந்தது 1956இல். அண்ணல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்குப் பக்கம். அத்தனை பெரிய பெட்டி சேமித்தது 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

அளவு மாறியிருக்கிறதே தவிர, அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சு பூசிய தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன் மேல் ஒரு சிறு முனை காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி காந்தத் தடங்களை எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள தூரம் சில நானோமீட்டர்கள் மட்டுமே. ஒரு தூசித் துகள் கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. முனை தட்டில் உரசினால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது. 'டிக் டிக்' என்ற சத்தம் பெரும்பாலும், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் சத்தம். அப்போது நாம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாமே சாட்சியத்தைச் சுரண்டுகிறோம் என்று பொருள். ஃபிரீசரில் வைத்து எடுத்தால் தட்டில் ஈரம் படியும். அது இன்னொரு கேடு.

எல்லாப் பழுதும் இப்படிப்பட்டதல்ல. ஒரு பைலை நாம் அழிக்கும்போது கணினி அதன் உள்ளடக்கத்தை உடனே துடைத்துவிடுவதில்லை. 'இந்த இடம் காலி' என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஊரின் பதிவேட்டிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயரை அடித்துவிட்டாலும் அந்தக் குடும்பம் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பதைப் போல, அந்தத் தரவு அங்கேயே இருக்கிறது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. அதனால்தான், தவறுதலாக அழித்துவிட்ட டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்கக் கூடாது. மீட்பு மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் நிறுவக் கூடாது. இது தட்டு சுழலும் டிஸ்க்குக்குப் பொருந்துவது. எஸ்எஸ்டி வகையில், அழித்த இடத்தை டிஸ்க்கே விரைவில் துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அழிவிலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். சிதறிய பாகங்களோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் விழுந்தது. செனான் வாயுவின் பாகுநிலை பற்றி விண்வெளியில் செய்த ஆய்வின் அளவீடுகள் அதில் இருந்தன. பல மாதங்கள் கழித்துக் கிடைத்தபோது அது கருகிய உலோகக் கட்டியாக இருந்தது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் இருந்த மீட்பு நிபுணர்கள் உள்ளிருந்த தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிரைவில் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ 99 சதவீதத் தரவு மீண்டது. அந்த ஆய்வு முடிவுகள் 2008இல் அறிவியல் இதழில் வெளியாயின. தட்டில் சேதமான பகுதி, நல்ல வேளையாக, தரவு எழுதப்படாத பகுதி. ஆனால் அதே விண்கலத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. தீயில் எரிந்ததும் மீளலாம். மேசையில் இருந்ததும் மீளாமல் போகலாம்.

எங்களிடம் பெரிய ஆய்வகத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கணினி படித்த ஒரு மாணவத் தோழர் உதவிக்கு வந்தார். அவர் முதலில் சொன்னது: "இனி இந்த டிஸ்க்கைத் தொடாதீங்க. முதல்ல அப்படியே ஒரு நகல் எடுப்போம், வேலையெல்லாம் நகல்லதான்." தட்டு கடுமையாக உரசப்பட்ட டிஸ்க்கில் இதுவும் ஆபத்துதான், நிபுணரிடம் போவதே நல்லது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினார். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் படித்து வேறு டிஸ்க்கில் எழுதுகிறது. முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிப்போய்க் கடைசியில்தான் திரும்ப வருகிறது. எது படிக்கப்பட்டது, எது படிக்கப்படவில்லை என்று தனியாகக் குறிப்பும் வைத்துக்கொள்கிறது. இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் எடுக்க எங்களுக்கு நான்கு நாட்கள் ஆயின.

அடுத்து, அந்த நகலின் மீது போட்டோரெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள். பதிவேடு சிதைந்திருந்தாலும், ஒவ்வொரு வகைப் பைலும் தொடங்கும் விதத்தை வைத்து அது பைல்களை அடையாளம் கண்டு எடுத்துத் தருகிறது. ஆனால் பெயர்கள் வராது. ஆயிரக்கணக்கான பைல்கள் வெறும் எண்களாக வந்து விழுந்தன. எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய குரல் என்று தெரியாது. நாங்கள் முறை வைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் எழுதினோம். அந்த வேலை பல வாரங்கள் நீடித்தது. அந்த அம்மாவின் பதிவும் வந்தது, பாதியில் அறுந்து. மகன் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனதைச் சொல்லும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் சொன்னது இப்போது எங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

வழக்குகளுக்காகவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவின் சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஒரு பைலின் கைரேகை போன்றது. பைலில் ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். ஆகவே மீட்டு முடித்ததும் பழைய டிஸ்க்கைக் குப்பையில் போடாதீர்கள். பதிவு செய்த கைப்பேசியையும் மெமரி கார்டையும் பத்திரமாக வையுங்கள். பதிவு செய்த அன்றே ஹாஷ் எடுத்துக் குறித்து வையுங்கள்.

நம் முன்னோர்களின் எழுத்து நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்போம். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அதற்குப் பின் நீண்ட காலம் தமிழ்ப் பொதுவெளி அவரை மறந்தே இருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' அவரை மறுபடி நம் கையில் கொடுத்தது. இடையில் இருந்த 85 ஆண்டுகள் அந்த இதழ்களைக் காத்தது எந்த அரசு ஆவணக்காப்பகமும் அல்ல. வீட்டில் பெட்டியில் வைத்துப் பாதுகாத்த நம் மக்கள். சென்னையில் அச்சான இதழ் கோலார் தங்கவயல் வரை போனது. ஓரிடத்தில் கரையான் தின்றால் இன்னோரிடத்தில் மிஞ்சியது. பல பிரதிகள் பல ஊர்களில் இருந்ததால்தான் பண்டிதர் நமக்குக் கிடைத்தார். அன்று ஒரு பைசாவுக்கு விற்ற தாளுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு, ஆயிரக்கணக்கில் கொடுத்து நாங்கள் வாங்கிய ஒற்றை டிஸ்க்குக்கு இல்லை.

காவல் நிலையத்தின் பதிவேட்டையும் வருவாய்த்துறையின் கோப்பையும் அரசு பார்த்துக்கொள்ளும். அவற்றில் சேரிக்காரர் சொன்னது எவ்வளவு இருக்கும் என்பது நமக்குத் தெரியும். சேரியின் பக்கத்துச் சாட்சியம் நம் கையில்தான் இருக்கிறது. அதைத் தொலைத்தால் பிறர் எழுதியதே வரலாறாகிவிடும்.

இப்போது நாங்கள் ஒவ்வொரு பதிவையும் மூன்று இடங்களில் வைக்கிறோம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு தோழர் வீட்டில், ஒன்று கடவுச்சொல் போட்டுப் பூட்டி இணையச் சேமிப்பில். சாட்சி சொன்னவரின் பெயரும் முகமும் வெளியே போனால் அவர் உயிருக்கே ஆபத்து என்பதால் டிஸ்க்குகளையும் பூட்டியே வைக்கிறோம். பைலின் பெயரில் ஊரும் தேதியும் எழுதுகிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மாலை போட்டு முடித்ததும், மூன்றையும் திறந்து சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். அந்த அம்மாவின் அறுந்த பதிவையும் அன்று ஒருமுறை கேட்கிறோம். உங்கள் அமைப்பிலும் அப்படி ஒரு குரல் ஒரே டிஸ்க்கில் இருக்கக்கூடும். இன்றைக்கே இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.