தொழிலாளர் பாதுகாப்பு உபகரணங்கள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்

கார், கண்ணாடி, மின்னணு ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் நெருங்கியுள்ள இவ்வட்டாரத்தில் ஹெல்மெட், விரல் பகுதியில் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூ, காதடைப்பான் ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. மற்றவை வேலையைப் பொறுத்தவை. கண்ணாடித் தகடு தூக்குபவருக்கு வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். வெல்டருக்குக் கருங்கண்ணாடி முகக்கவசமும் தோல் ஏப்ரனும். பெயின்ட் அடிப்பவருக்குத் துணி மாஸ்க் போதவே போதாது. தின்னர் ஆவியை அது தடுக்காது; கரித்தூள் நிரப்பிய கேட்ரிட்ஜ் மாஸ்க் தேவை. சுழலும் டிரில் அருகே கையுறையே ஆபத்து: நூல் சிக்கினால் விரலையும் இழுத்துவிடும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 35ஆம் பிரிவில் கண் பாதுகாப்பையும், 21ஆம் பிரிவில் இயந்திரத் தடுப்புகளையும் கட்டாயமாக்கியது. ஆலை தரவேண்டிய உபகரணத்துக்குத் தொழிலாளரிடம் பணம் பிடிப்பதை 114ஆம் பிரிவு தடுத்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தியது.

உடலில் அணிவது கடைசி அரண் மட்டுமே. 2010 அக்டோபர் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இளம்பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். இத்தகைய விபத்தில் கையுறையோ ஹெல்மெட்டோ உதவாது. பிரஸ் இயந்திரத்திலும் அப்படித்தான்: இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டும் அச்சு இறங்கும் ஏற்பாடும், கை நுழைந்தால் உடனே நிறுத்தும் ஒளித்திரையும்தான் விரல்களைக் காக்கின்றன.