விழித்திருந்த துறைமுகம்

1941 ஜூன் 21, சனிக்கிழமை இரவு. மின்ஸ்க் நகரில் சோவியத் மேற்கு எல்லைத் தளபதி பாவ்லோவ் நகைச்சுவை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லையில் ஜெர்மன் படை நகர்வதாக அங்கேயே வந்து சொன்னார்கள். அவர் நம்பவில்லை.

அதே இரவில் கருங்கடல் துறைமுகமான செவஸ்தபோல் இருளில் மூழ்கியது. கடற்படைத் தலைவர் குஸ்நெத்சோவ் எல்லாக் கப்பற்படைகளுக்கும் முதல்நிலை ஆயத்த உத்தரவு அனுப்பியிருந்தார். விளக்குகள் அணைந்தன, மாலுமிகள் கப்பல்களுக்குத் திரும்பினார்கள். அதிகாலை 3 மணி தாண்டி ஜெர்மன் விமானங்கள் கண்ணிவெடிகளோடு வந்தபோது விமான எதிர்ப்புப் பீரங்கிகள் தயாராக இருந்தன. அந்த இரவில் ஒரு போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை. ஒடெஸா ராணுவ மாவட்டத்தின் படைத் தலைமை அலுவலர் சகாரோவ் அங்கிருந்த விமானங்களை முன்கூட்டியே வெவ்வேறு களங்களுக்குப் பிரித்து அனுப்பி, பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார். மற்ற இடங்களில்? முதல் நாளில் மட்டும் சோவியத் இழந்த விமானங்கள் சுமார் 1,200. அவற்றில் 800 தரையிலேயே எரிந்தவை.

குஸ்நெத்சோவ் செய்ததை, சில நாள் முன்னதாக, முழு ராணுவமும் செய்திருந்தால்? விமானங்கள் பிழைத்திருக்கும். பிரெஸ்ட் கோட்டைக்குள் படைவீரர்கள் தூக்கத்தில் சிக்கியிருக்க மாட்டார்கள்.

ஆனால் விழிப்பு மட்டும் போதாது. பியாலிஸ்டாக் பகுதி ஜெர்மன் பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. அங்கே குவிந்த படைகள் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் இருபுறமும் வளைக்கப்பட்டிருக்கும். மின்ஸ்க் ஆறே நாளில், ஜூன் 28 அன்று, விழுந்தது. சுமார் 3 லட்சம் பேர் சிறைப்பட்டார்கள். முக்கியப் படையை 1939க்கு முந்தைய பழைய எல்லைக்குப் பின்னால் நிறுத்தி, அங்கிருந்த 'ஸ்டாலின் அரண்' காவலரண்களின் பீரங்கிகளைக் கழற்றாமல் வைத்திருந்தால் கதை மாறியிருக்கும். ஜூலை முதல் ஸ்மோலென்ஸ்க் அருகே, சிதைந்த படைகளை வைத்தே சோவியத் ஜெர்மானியரை இரண்டு மாதம் இழுத்தடித்தது. சிதையாத படை இருந்திருந்தால், கீவ் சுற்றிவளைப்பும் லெனின்கிராட் முற்றுகையும் நடந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

ஒரே இரவில் சரிசெய்ய முடியாத இழப்பும் உண்டு. 1937–38இல் ஸ்டாலின் நடத்திய களையெடுப்பில் ஐந்து மார்ஷல்களில் மூவர் பலியானார்கள். அவர்களுடைய அனுபவத்தை எந்தத் தந்தியும் திருப்பித் தராது.

1941இல் பிடிபட்ட செஞ்சேனை வீரர்களில் சுமார் 20 லட்சம் பேர் அடுத்த பிப்ரவரிக்குள் ஜெர்மன் முகாம்களில் பசியாலும் குளிராலும் நோயாலும் தோட்டாவாலும் மாண்டார்கள். அவர்களைக் கொன்றவர்கள் நாஜிகள். மாண்டவர்களில் பலரை அந்த முகாம்களுக்குப் போகவிடாமல் தடுத்திருக்கக்கூடியவர் ஸ்டாலின். ஆனால் தோல்விக்காக ஜூலை 22 அன்று மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டவர் பாவ்லோவ்.

(தொடரும்)